ஏலக்காய் தேய்க்க யார் உட்காருவது?

1. ரோடு அடைபட்ட ஆவணி

போடிமெட்டு ரோட்டில் மண் சரிந்துவிட்டது என்று தகவல் வந்த அன்று, எங்கள் எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், முத்துப்பேச்சியின் பிள்ளை காய்ச்சலில் கிடந்தது. போடிக்கு இறங்கினால்தான் ஆஸ்பத்திரி. நடந்தாவது போவோம் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர்கள், ஓடையில் வெள்ளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். மறுநாள் பிள்ளை போய்விட்டது. ஐம்பதுகளில் மலையில் வேலை பார்த்தவர்களுக்கு இது அதிசயமில்லை. இப்போது ஜீப்பில் போய் வருகிறவர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் அங்கே ஸ்டோர் மேஸ்திரி. ஸ்டோர் என்றால் சாமான் வைக்கிற அறை அல்ல, பச்சை ஏலக்காயை உலர்த்துகிற கட்டிடம். அடியில் விறகு அடுப்பு, சூடு ஓடுகிற இரும்புக் குழாய், மேலே தட்டுத் தட்டாகக் காய். சாயங்காலம் பெண்கள் எடுத்து வரும் காயை நிறுத்து வாங்குவதும் என் வேலை. சம்பளம் எல்லாருக்கும் நாள்கூலிதான். எடை பார்ப்பது, தோட்டத்தில் எவ்வளவு காய் வந்தது என்று தெரிவதற்காக.

அந்த மழையில் துணி காயாது, விறகு காயாது, பெண்களின் தலைமயிர் காயாது. ஏலக்காய் ஒன்றுதான் காயும். காலையில் ஸ்டோரிலிருந்து எடுக்கும் காயைச் சூடு ஆறுவதற்குள் கயிற்றுப்பாயில் கொட்டிக் கையால் தேய்க்க வேண்டும். அப்போதுதான் காம்பும் பூச்சருகும் உதிரும். நாலைந்து பேர் உட்கார்ந்தால் போதும். மற்றவர்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, செடி மூட்டில் குத்தவைத்து, அட்டைக்கடியோடு காய் எடுக்கப் போவார்கள்.

தேய்க்க யார் உட்காருவது என்பதை நானும் சொன்னதில்லை, கங்காணியும் சொன்னதில்லை. பெண்களே பார்த்துக்கொள்வார்கள். பிள்ளை பெற்று எழுந்தவள், காய்ச்சல் விட்டவள், வீட்டில் சாவு கண்டவள், இவர்களுக்குத்தான் நனையாத, சூடான அந்த இடம். அப்படித்தான் முத்துப்பேச்சியை உட்கார வைத்தார்கள்.

முதலில் அவள் தேய்க்கவே இல்லை. சூடான காய்க் குவியலுக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு சும்மா இருப்பாள். பேச்சு கிடையாது. பக்கத்தில் சிலமலைக்காரி வேலம்மா வாய் ஓயாமல் பேசுவாள். பெரும்பாலும் என்னைப் பற்றித்தான். கல்யாணமாகாத ஆம்பளை ஒருவன் அகப்பட்டால் சும்மா விடுவார்களா?

2. புது மானேசர்

ரோட்டில் ஆள் நடக்கிற அளவுக்கு வழி கிடைத்ததும் புது மானேசர் வந்து சேர்ந்தார். கெட்ட மனுஷர் இல்லை. மழையால் காய் வரத்து குறைந்துபோன கவலை அவருக்கு. ஸ்டோருக்குள் வந்து பார்த்தார்.

“குளிர் காயுறதுக்கா ஸ்டோர் கட்டியிருக்கு? ஒருநாள் நெறையக் காய் எடுக்குறவங்க மறுநாள் காலையில ஒக்காந்து தேய்க்கட்டும். தேய்ச்சு முடிச்சதும் அவங்களும் காட்டுக்குப் போயிரணும். அப்பத்தான் மத்தவங்களுக்கும் ரோசம் வரும்” என்றார்.

மறுநாள் முத்துப்பேச்சி மழைக்குள் போனாள். சாயங்காலம் கூடையில் அடிதான் மறைந்திருந்தது. காலில் ரத்தம் வழிந்தது. அட்டைகளை அவள் எடுத்துப் போடவே இல்லை.

வேலம்மா என்னிடம் வந்தாள். “அண்ணே, இவ இந்த மழையோட போயிருவா போலருக்கு. அட்டை கடிக்கிறதுகூட ஒறைக்கல. கஞ்சியும் குடிக்கல.”

“மானேசர் உத்தரவு. நான் என்ன ஆத்தா செய்ய?”

“நீங்க ஒண்ணுஞ் செய்ய வேணாம். தராசு முள்ள மட்டும் பாருங்க, கூடைய மொறைக்காதீங்க.”

அடுத்த சாயங்காலம் முத்துப்பேச்சியின் கூடை விளிம்பு வரைக்கும் வந்தது. காட்டுக்குள் அவளைக் கடந்து போன ஒவ்வொருத்தியும் ஒரு பிடி காயை அவள் கூடையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். எல்லாரிலும் எடை கூடியவள் அவள்தான் என்று நான் உரக்கச் சொன்னேன். மானேசருக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும்.

அவள் பழையபடி ஸ்டோரில் உட்கார்ந்தாள். தினமும் அதே கதைதான்: காலையில் தேய்ப்பு, அப்புறம் காடு, சாயங்காலம் நிறைந்த கூடை. ஒருநாள் காலை, நான் காய்ச்சுகிற கஞ்சியை எந்தப் பெண் வந்து குடிப்பாள் என்று வேலம்மா வம்பளந்துகொண்டிருந்தாள். “அதுல உப்பே இருக்காது” என்றது ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் முத்துப்பேச்சி. தலை நிமிராமல் காயைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அதைப் பெரிதாக்கவில்லை. நான் மட்டும் விறகு எடுக்கிற சாக்கில் வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

3. பாராட்டு

எங்கள் கெட்ட நேரம், மானேசருக்கு முத்துப்பேச்சியை ரொம்பப் பிடித்துப்போயிற்று. காட்டுக்குக் கிளம்புமுன் எல்லாரையும் ஸ்டோர் வாசலில் நிற்க வைத்தார். பாயில் காய் கொட்டியாகிவிட்டது.

“இத்தனை பேருல இவ ஒருத்திதான் வேலைக்காரி. ஏம்மா, எப்படி இவ்வளவு காய் எடுக்குற? இவங்களுக்கும் சொல்லிக் குடு.”

வேலம்மா தரையைப் பார்த்தாள். முத்துப்பேச்சி எழுந்து நின்று, எதிரே நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“எனக்கு நெறையக் கை இருக்குங்கய்யா” என்றாள்.

வேலம்மாதான் முதலில் முந்தானையால் வாயைப் பொத்தினாள். அப்புறம் மொத்தக் கூட்டமும் சிரித்தது. முத்துப்பேச்சியும் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. வேலம்மா அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“என்னய்யா சொல்றா?” என்று மானேசர் என்னைக் கேட்டார்.

“காய் ஆறுதுங்கய்யா. வெரசாத் தேய்க்கணும்.”

அவர் என்னையும் பாயையும் பார்த்தார். குனிந்து குவியலுக்குள் கையை விட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு நிமிர்ந்து போய்விட்டார். புரிந்ததோ என்னவோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் முத்துப்பேச்சியின் கூடை பாதிதான் இருந்தது. முள் சிக்கிக்கொண்டதோ என்று தராசைத் தட்டிப் பார்த்தேன். அவள் பின்னால் ராசிங்காபுரத்து ராமாயி, தூக்க முடியாத கூடையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். இருமல்காரி, ஒரு நாளும் கூடையை நிரப்பாதவள்.

முத்துப்பேச்சி என் பக்கத்தில் வந்து, “தராசத் தட்டாதீங்கண்ணே, சரியாத்தான் இருக்கு. நாளைக்கு அவ ஒக்காரட்டும்” என்றாள்.

துக்கம் தீர்ந்த பிறகுதான் ஒருவர் அடுத்தவருக்குக் கை கொடுக்க முடியும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது தப்பு. முத்துப்பேச்சிக்குத் துக்கம் தீரவில்லை. பிள்ளையைப் புதைத்த மேட்டுக்குத் தினமும் போய் நின்றுவிட்டுத்தான் லயத்துக்குப் போவாள். அன்றைக்கும் அங்கேதான் போனாள். அதற்கு முன்னால் ராமாயியின் கூடையை நிரப்பிவிட்டுப் போனாள்.