வார்டோவிலிருந்து போட்ஸ்பியோருக்கு, லண்டன் வழியாக

டிக்கெட் தொழிலுக்கு வாற பிள்ளையளுக்கு ஒண்டு சொல்றன். ரெண்டு ஊருக்கு இடையில எவ்வளவு தூரம் எண்டு கொம்பியூட்டர் சொல்லும். அதை முழுசா நம்பாதேங்கோ.

2000களின்ர நடுப்பகுதி. லண்டன் வெம்பிளியில என்ர ஏஜென்சிக்கு, தெற்கு லண்டன் சட்டனிலிருந்து ஒரு அக்கா வந்தா. அவவின்ர தங்கச்சி குடும்பம் நோர்வேயின்ர வட முனையில, வார்டோ எண்ட மீன்பிடி ஊரில இருக்குது. தங்கச்சியின்ர மகள் வதனிக்குக் கலியாணம் பேசுகினம். வெள்ளிக்கிழமை மனோர் பார்க் முருகன் கோயிலில பொம்பிளை பார்க்கிறது. வதனிக்கும் மாப்பிள்ளை சுதனுக்கும் மட்டும் டிக்கெட் போடுங்கோ எண்டா.

சுதன் இருக்கிற ஊரைப் பார்த்தன். போட்ஸ்பியோர். வார்டோவிலிருந்து பிளேன் ஏறினால் தேத்தண்ணி குடிச்சு முடிக்க முந்தி இறங்கிவிடலாம். எனக்குச் சிரிப்பு அடக்க ஏலேல்லை. பக்கத்து ஊர்ப் பெடியனைப் பார்க்க ஏனக்கா லண்டனுக்கு வரோணும் எண்டு கேட்டன்.

"அதுக்குத்தான் தம்பி. அங்க நாலைஞ்சு தமிழ்க் குடும்பம். பெடியன் பிளேனால இறங்கினாலே ஊருக்குத் தெரிஞ்சிடும். முதல் பேசின சம்பந்தம் குழம்பி, ஊர் வாயால பிள்ளை கேட்ட கதை போதும். இதுவும் சரிவராட்டி அவள் தாங்கமாட்டாள்."

நான் சிரிப்பை விட்டிட்டு டிக்கெட் பார்த்தன். அங்கதான் அடுத்த கரைச்சல். அந்தப் பக்கத்துச் சின்னப் பிளேன் எங்கட பஸ் மாதிரி, ஊர் ஊராய் இறங்கி ஆக்களை ஏத்தும். வெள்ளிக்கு வந்து சேர ஒரே ஒரு சேர்விஸ்தான், ரெண்டு பேரும் அதிலதான் வரோணும். கோயிலுக்கு முந்தி முகம் பார்க்கக்கூடாது எண்டு அக்கா ஒற்றைக்காலில நிண்டா. பெடியனை முன்னுக்கும் பிள்ளையைப் பின்னுக்கும் இருத்தச் சொன்னா. அந்தப் பிளேனில சீற் நம்பரே இல்லை அக்கா, விரும்பின இடத்தில இருக்கலாம் எண்டன். கடைசியில, ஒருத்தருக்கொருத்தர் படமும் குடுக்கேல்லைத்தானே, ஆரெண்டு தெரியாமல் வரட்டும் எண்டு தன்னைத் தானே தேத்திக்கொண்டா. பனிக்கடலுக்கு மேல போற பிளேனில ரெண்டே ரெண்டு தமிழ் முகம். தெரியாமல் போகுமோ?

வெள்ளிக்கிழமை நானும் கோயிலுக்குப் போனன், ஆசை ஆரை விட்டது. ரெண்டு பேரும் நிலத்தைப் பார்த்தபடி, கண்டறியாத ஆக்கள் மாதிரி நிண்டினம். அக்கா பெருமையாய், "பிள்ளை, இவர்தான் சுதன்" எண்டா.

வதனி நிமிர்ந்து, "இப்ப தலையிடி சுகமோ?" எண்டு அவனைக் கேட்டிட்டாள்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில நான் எரிஞ்சு போயிருப்பன். பிறகு அவவுக்கே சிரிப்பு வந்திட்டுது. எனக்கும் சந்தோசம் தாங்கேல்லை. எல்லாம் அடங்கினாப்பிறகு அக்கா அவளைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், சரிவராட்டிச் சொல்லம்மா, அங்க ஒருத்தருக்கும் தெரியவராது எண்டு மெல்லச் சொன்னா.

"வேண்டாம் பெரியம்மா," எண்டாள் வதனி. "அடுத்த கிழமை அவரை வார்டோவுக்கு வரச் சொல்லியிருக்கிறன். ஊர் முழுக்கப் பாக்கட்டும்."