அண்ணன் குடிகாரன் ஆன கதை

எண்பதுகளின் நடுவில் என் அண்ணனுக்கு வயிறு வீங்கியது. உடம்பு வற்றிப்போக, வயிறு மட்டும் முன்னால் தள்ளி நின்றது. கண்ணெல்லாம் மஞ்சள். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தான். என்னைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்குக் கல்யாணம் என்று முப்பது தாண்டியும் நின்றவன். வருஷம் தவறாமல் பழனிக்குப் பாதயாத்திரை போவான். சோடா குடிக்கவே முகம் சுளிப்பான்.

எங்கள் பக்கம் ஒரு ஆம்பளைக்கு ஈரல் கெட்டதென்றால் அதற்கு ஒரே அர்த்தந்தான். பார்க்க வந்த எதிர்வீட்டம்மா, கொண்டுவந்த பழத்தைக் கீழே வைக்கும் முன்பே ஆரம்பித்தாள்.

“இம்புட்டு நாளும் நல்லவன்னுல்ல நெனச்சோம். யாருக்கும் தெரியாம ஊத்தியிருக்கான் பாரு.”

எனக்குப் பிறவியிலேயே வாய் நீளம். “நீங்கதான் பக்கத்துல உக்காந்து ஊத்திக் குடுத்தீகளாக்கும்?” என்று கேட்டேன். அந்த அம்மா பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டே போய்விட்டாள்.

“ஊர் வாய மூட உலைமூடி ஏதுடி? எம்புள்ளைய எனக்குத் தெரியாதா?” என்றாள் அம்மா.

எனக்கு அது போதவில்லை. குடியால் வந்ததில்லை என்று ஒரு டாக்டர் வாயால் கேட்க வேண்டும். அந்த வெறியோடுதான் அண்ணனை மதுரைக்குக் கூட்டிப்போனேன்.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். ஈரலில் கேன்சர், முற்றிவிட்டது என்றார் டாக்டர். குடியா என்று கேட்டேன். “இல்லம்மா, இது வைரஸ். ஈரல் செல்லுக்குள்ள குடியேறி, சத்தங்காட்டாம பல வருஷம் இருக்கும். ஈரல் புண்ணாகி ஆறும், மறுபடி புண்ணாகும். ஒவ்வொரு தடவையும் புதுசா செல் வளரணும்ல? அப்படி வளர்றதுல ஒண்ணு ரெண்டு கட்டுக்கு அடங்காமப் பெருகிரும். அதுதான் கேன்சர்.” பிறகு கேட்டார்: “உங்கம்மாவுக்கு எப்பவாவது மஞ்சக்காமாலை வந்துச்சா?”

அண்ணனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது அம்மா பெருமையாகச் சொல்லும் கதை. அண்ணன் வயிற்றில் இருந்தபோது அவளுக்குக் காமாலை. கீழாநெல்லி அரைத்துக் குடித்து, கண் தெளியும் முன்பே அவனைப் பெற்றாள். ‘எமன்ட்டருந்து ரெண்டு பேரும் தப்பிச்சோம்’ என்று முடிப்பாள்.

“அப்ப பிரசவத்துல தாய் ரத்தத்துலருந்து வந்திருக்கலாம்” என்றார் டாக்டர். “பெரியவங்களுக்கு வந்தா பெரும்பாலும் சரியாப் போயிரும். பச்சக்குழந்தைக்கு வந்தா உள்ளயே தங்கிரும்.”

திரும்பும் பஸ்ஸில், எதிர்வீட்டம்மாவிடம் என்னென்ன கேட்கலாம் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். சின்னாளபட்டி தாண்டும்போது அண்ணன் என் கையைப் பிடித்தான்.

“பாப்பா, இத அம்மாட்ட சொல்லிராத.”

“ஊரே உன்னக் குடிகாரன்னு சொல்லுதுண்ணே.”

“சொல்லட்டும். பெத்த நானே கொன்னுட்டேனேன்னு அது கெடந்து சாகும். நான் குடிச்சேன்னே இருக்கட்டும்.”

வீட்டுக்கு வந்ததும் அம்மா முன்னால் உட்கார்ந்து, “ஆமாம்மா, மறைச்சு மறைச்சுக் குடிச்சேன்” என்றான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். அம்மா அதை வெட்கம் என்று நினைத்தாள். “அடப்பாவி” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. மறுநாள் கஞ்சி வைத்து ஊட்டிவிட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். என் வாழ்க்கையில் நான் வாயை அடக்கியது அந்த ஒரு விஷயத்தில்தான்.

தைப்பூசத்துக்கு முன்பே அண்ணன் போய்விட்டான்.

பதினாறாம் நாள் அவன் போட்டோவுக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தோம். பணியாரம், சுண்டல், அவனுக்குப் பிடித்த கத்திரிக்காய் வெஞ்சனம். எல்லாம் வைத்த பிறகு அம்மா முந்தானைக்குள்ளிருந்து ஒரு சின்ன பிராந்தி பாட்டிலை எடுத்தாள்.

“என்னம்மா இது?” என்று கேட்டேன்.

“உசுரக் குடுத்துல்ல குடிச்சிருக்கான். அம்புட்டுப் பிடிச்சத இன்னைக்கு வைக்காம எப்பிடிடி?”

மூடியைத் திறக்கத் தெரியாமல் என்னிடம் நீட்டினாள். நான் திறந்து கொடுத்தேன்.