மண்ணுக்குள் போன நாலு படி

நம்பாதவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அந்த ஏணியில் ஏறி இறங்கி வாழ்ந்தவள் நான். என் காதால் கேட்டதைத்தான் சொல்கிறேன்.

பப்புவாவில் எங்கள் ஆற்றங்கரை வீடுகள் மரக்கால்கள் மேல் நிற்பவை. என் வீட்டு ஏணிக்கு ஏழு படி. மலைமேல் சுரங்கம் வைத்தவர்கள் அரைத்த கல்லையெல்லாம் ஆற்றில் கொட்டினார்கள். ஆறு மேடாகிக்கொண்டே வந்தது. மூன்று வருடம் முன்பு வந்த வெள்ளத்தில் ஊரே மேட்டுக்கு ஓடினோம். ஒன்பது நாள் கழித்துத் திரும்பினால், சாம்பல் நிற வண்டல் நாலு படியை விழுங்கியிருந்தது. மிச்சம் மூன்று.

என் கணவன் கமியா வெள்ளத்துக்கு முதல் நாள் டாரு பட்டணத்துக்கு நண்டு விற்கப் போனவன். விளக்குக்குச் சிம்னி வாங்கி வரச் சொல்லியிருந்தேன். "நான் வர்ற வரைக்கும் வீட்டுலயே இரு" என்றான். நான் இருக்கவில்லை. அவன் திரும்பவும் இல்லை.

அவன் தம்பி டாபு ஊரெல்லாம் கதை பரப்பினான். என்னிடமும் சொன்னான். "அண்ணன் அங்க வேற குடித்தனம் போட்டாச்சு அண்ணி. நீங்க ஏணியப் பாத்துக்கிட்டே கெழவியாகப் போறீங்க."

நம்பிவிட்டேன். வயிறெரிந்து சபித்தேன். வீட்டைப் பிரித்துக்கொண்டு மேட்டுக்கே போய்விடுவதென்று முடிவு செய்தேன்.

பிரிப்பதற்கு முந்தின மாலை. மணி 6.40. மழையில்லை, காற்றில்லை. அடுப்பில் சாகோப் பனைமாவு அடை சுட்டுக்கொண்டிருந்தேன். யார் வந்தாலும் குரைக்கிற நாய், சும்மா வாலை ஆட்டியது.

தொப்...

சேற்றில் அமுங்கிய சத்தம். வீட்டுக்கு அடியில்... இல்லை, மண்ணுக்கு அடியில்.

தொப்... தொப்... தொப்...

நாலு.

பிறகு ஏணி முனகியது. க்ரீச்... ஐந்து. க்ரீச்... ஆறு.

இருப்பதே மூன்று படி.

ஏழு.

டொக்... டொக்.

மேல்படியில் குதிகாலைத் தட்டிச் சேறு உதறுவது கமியாவின் வழக்கம். அதே தட்டல்.

என் கை தாழ்ப்பாள் வரை போனது. பயம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். "அவகிட்டயே போ" என்றேன். விளக்கை ஊதி அணைத்தேன்.

6.52.

ஏழு சத்தம் இறங்கியது. கடைசி நாலும் மண்ணுக்குள்...

நாய் ஊளையிட்டது.

விடிந்து பார்த்தால் வண்டலில் ஒரு காலடிகூட இல்லை. ஏணி நல்ல மரம் என்று டாபு அதைத் தோண்டி எடுக்க இறங்கினான். அடிப்படி தெரிந்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டான்.

"அண்ணி... பாக்காதீங்க."

பார்த்தேன். எலும்பு விரல்கள் அடிப்படியைப் பிடித்திருந்தன. தோள்பைக்குள் சிம்னி. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

வெள்ளத்தோடு என்னைத் தேடி வந்திருக்கிறான். மூன்று வருடமாக அவன் தலைமேல்தான் ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரே ஒரு மாலை அவன் மேலே வந்தான்.

நான் கதவைத் திறக்கவில்லை.