பாதியில் விழுந்த முற்றும்

அந்தக் காலத்து மாத நாவல்களை நெனச்சா இன்னைக்கும் எனக்கு வயிறு எரியுது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில, வாழைத்தாருக்குப் பக்கத்துல கயிறு கட்டி, கிளிப்பு மாட்டித் தொங்கவிட்டிருப்பாங்க. பேய், கொலை, கூடுவிட்டுக் கூடு பாயுற மந்திரவாதி, எப்பவாவது ஒரு ராக்கெட்டு. ராக்கெட்டு வந்துட்டா விடமாட்டேன். அடுப்புல சோறு கொழைஞ்சாலும் கொழையட்டும்னு படிப்பேன்.

எழுபதுகளோட கடைசியில நானே ஒண்ணு எழுதினேன். தனியா வேற கிரகத்துக்குப் போற ஒரு பொம்பளையோட கதை. அங்க ராக்கெட்டு பழுதாயிடும். தானே ரிப்பேர் பண்ணி, ஊரு வந்து சேருவா. சர்க்கரை ஆலை ஆபீஸ்ல வேலை பாத்த என் வீட்டுக்காரருதான் அதை மெட்ராசுக்குத் தபால்ல அனுப்பினாரு. எடுத்துக்கிட்டோம்னு பதில் வந்ததும் அவருக்குத் தலைகால் புரியல. ஆபீஸ் பூரா சொன்னாரு. திருமானூர்ல இருக்கற நாத்தனார் வூட்டுக்கும் போய்ச் சொல்லிட்டு வந்தாரு. எனக்கு என் பேரு அச்சுல வந்தா போதும்னு இருந்துச்சு.

வந்துச்சு. அட்டையில நனைஞ்ச பொடவையோட ஒருத்தி, கையில கத்தி. அவ காலுக்குக் கீழ என் பேரு. என் கதையில கத்தியும் கெடையாது, மழையும் கெடையாது. எழுதிக் கேட்டேன். அட்டையெல்லாம் முன்னாடியே மொத்தமா அடிச்சு வச்சுடுவாங்களாம், வர்ற கதைக்கு ஏதோ ஒண்ணை ஒட்டுவாங்களாம். பக்கமும் அளவுதானாம். அதனால ராக்கெட்டு பழுதான எடத்துலயே வெட்டி ‘முற்றும்’னு போட்டுட்டாங்க பாவிங்க. பின்பக்கம் லேகிய விளம்பரத்துக்கு மட்டும் எடம் இருந்துச்சு.

வீட்டுக்காரரு அட்டையைப் பாத்ததோட சரி, உள்ள பொரட்டிக்கூடப் பாக்கல. கடையில தொங்கின அத்தனையையும் வாங்கியாந்து வெந்நீர் அடுப்புல போட்டாரு. ஒரு பக்கமாவது படிச்சுப் பாருங்கன்னு கெஞ்சினேன். இனிமே ஆபீஸ்ல எப்படித் தலைநிமிந்து நடக்கறதுன்னுதான் கேட்டாரு. படிக்காமலே ஒருத்தர் என்னைப் பத்தி வெக்கப்பட்டது எனக்கு இன்னும் ஆறல.

அடுத்த மாசம் அரியலூர்ல அவரு ஆபீஸ்காரர் வூட்டுக் கல்யாணம். பந்தியில எனக்கு எதுத்தாப்புல அவரோட மேலதிகாரி சம்சாரம். அந்த ராக்கெட்டு நாவல் நான் எழுதினதான்னு ஆசையாத்தான் கேட்டாங்க. ஒரே மூச்சுல படிச்சாங்களாம்.

“அந்தப் பொண்ணு கடைசியில திரும்பி வந்தாளா, இல்லையாங்க?”

ஒலகத்துல ஒருத்தராவது கேட்டாங்களேன்னு எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. சொல்ல வாயெடுத்தேன். பக்கத்து எலையில இருந்த இவரு முந்திக்கிட்டாரு.

“அது வேற யாரோங்க. இவ கதைய வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க.”

அந்தம்மா ‘அப்படியா’ன்னுட்டு ரசத்துக்குக் கைய நீட்டினாங்க. அதுக்கப்பறம் நான் ஒரு வரி எழுதல. அவ பத்திரமா ஊரு வந்து சேந்தது எனக்கு மட்டுந்தான் தெரியும்.