நாற்பது நடக்கிறது

என் அக்காவின் வேலையைக் கெடுத்தது நீங்கள்தான். கம்ப்யூட்டர் இல்லை.

பழவங்காடி மாடி அலுவலகத்தில் உங்களுக்குக் கீழே ஒப்பந்தத்தில் இருந்தேன். ஒரு பெண்கள் விடுதிக்கு வார்டன் தேவை. வந்த விண்ணப்பங்களைச் சலித்துத் தரும் வேலை நமக்கு. ஜனவரி ஒன்றாம் தேதியன்று நாற்பது வயது முடிந்திருக்கக் கூடாது என்பது விதி. அக்கா பிறந்தது டிசம்பர் கடைசியில். அன்றைக்கு முப்பத்தொன்பது முடிந்து சில நாட்கள்தான். அடுத்த வருடம் விண்ணப்பிக்கவே முடியாது. சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்று கால் நரம்பு சுருண்டு போனவள் அவள்.

விண்ணப்பங்களைச் சலிக்க நீங்கள் கம்ப்யூட்டரில் எழுதிய குவெரி, பிறந்த தேதி, ஜனவரி ஒன்று இரண்டிலும் வருடத்தை மட்டும் எடுத்துக் கழித்தது. டிசம்பர் முப்பத்தொன்றுக்கும் மறுநாளுக்கும் நடுவே அதற்கு ஒரு முழு வருடம். அக்காவுக்கு நாற்பது என்று போட்டுத் தள்ளியது. பிறந்த மாதத்தையும் நாளையும் பார்க்கச் சொன்னேன். ஒரே ஒரு வரி கூடும்.

"ஓ, சேச்சிக்கு வக்காலத்தா? இது மதி, போதும் தம்பி. சாயங்காலம் லிஸ்ட் போணும்."

விடாமல் கேட்டதால், அவளுக்கே போன் போட்டீர்கள், ஸ்பீக்கரில்.

"வயசு எத்தர?"

"நாப்பது நடக்கு சாரே."

எங்கள் வீட்டில் வயதை அப்படித்தான் சொல்வோம். முப்பத்தொன்பது முடிந்த மறுநாளே நாற்பது நடக்கும். உங்கள் வீட்டிலும் கிழக்கேகோட்டைத் தமிழ்தானே, உங்களுக்குத் தெரியாதா?

"கேட்டியா? உன் அக்காவே சொல்லியாச்சு" என்று சிரித்தீர்கள். லிஸ்ட் போய்விட்டது. மூன்று மெயில் அனுப்பினேன், பதில் இல்லை. என் ஒப்பந்தத்தையும் நீட்டவில்லை.

அக்கா உங்களைத் திட்டுவதில்லை. "என் வாய்தாம்ல கெடுத்துச்சு. முடிஞ்ச வயசச் சொல்லியிருந்தா ஆயிருக்கும்" என்கிறாள். ஆகியிருக்காது. அவள் வாயைத் திறக்கும் முன்பே உங்கள் குவெரி அவளைத் தள்ளிவிட்டிருந்தது. எத்தனை தடவை சொன்னாலும் அவள் நம்புவதில்லை. காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு கடைக்குப் போகிறாள். எனக்கு எதிலும் நம்பிக்கை இல்லை.

அக்கா பிறந்த வருடத்தில், ஜனவரி ஒன்றைத் தவிர எந்த நாளில் பிறந்தவர்களும் அவளைப் போலவே தவறாகத் தள்ளப்பட்டிருப்பார்கள். அவர்களுக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. லிஸ்ட் ஒட்டிய அதே பலகையில், உங்கள் பெயரும் கையெழுத்தும் போட்டு எழுதுங்கள்: அவர்களுக்கு நாற்பது முடிந்தது எந்தத் தேதியில்?