நாய்க்குட்டிக்கு இன்னொரு ஆள்

போன ஐப்பசி மாதம், முதல் சனிக்கிழமை. அலுவலகம் விடுமுறை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து, வாசல் தெளித்து, பால் காய்ச்சி, ஒரு ஆளுக்கு மட்டும் சோறு வடித்து மூடிவைத்துவிட்டு, அஞ்சுகிராமத்திலிருந்து நாகர்கோவில் பஸ் பிடித்தேன். மழை விட்டுவிட்டுப் பெய்தது.

எனக்கு வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா காலமான பிறகு வீட்டில் நான் மட்டும்தான். பேச்சுக்குரல் கேட்பதற்காக டிவியைப் போட்டுவைப்பது எனக்கே சலித்துப்போனதால், ஒரு நாய்க்குட்டி எடுக்கலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

அடிபட்ட, கைவிடப்பட்ட நாய்களை வைத்துப் பராமரிக்கும் ஒரு காப்பகத்துக்குப் போனேன். நகருக்குக் கொஞ்சம் வெளியே இருந்தது. நான் உள்ளே நுழைந்ததுமே ஒரு குட்டி என் குடையின் நாடாவைக் கவ்விக்கொண்டு ஓடியது. தெருநாய்க்கும் ஏதோ ஜாதி நாய்க்கும் பிறந்த கலப்பு. உடம்பு நீளம், கால் குட்டை, ஒரு காது மட்டும் நிமிர்ந்து நின்றது. குடையைப் பிடுங்கினால் சேலை முந்தானை, அதை விடுவித்தால் செருப்பு. வெகுநாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன்.

அப்போதுதான் பொறுப்பாளர் பெண் கேட்டார்: "உங்களுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா குட்டியை ஆரு எடுப்பா? அவங்ககிட்ட பேசிட்டுதான் தருவோம் அக்கா." மூலையில் படுத்திருந்த ஒரு கிழட்டு நாயைக் காட்டினார். "அதுக்க ஆளு தனியா இருந்தாரு. செத்து மூணு நாள் கழிச்சுதான் கதவை உடைச்சாங்க. இது உள்ள கிடந்துச்சு."

அந்த நாய் தலையைத் தூக்கவில்லை.

மஸ்கட்டில் இருக்கும் தம்பிக்கு போன் செய்தேன். "வீடு ஆருக்குன்னே இன்னும் முடிவு பண்ணல, நாய்க்கு ஆளு பாக்கியாக்கும்?" என்று சிரித்தான். சென்னையிலிருக்கும் அக்கா மகள், ஃப்ளாட்டில் நாய் வைக்க விடமாட்டார்கள் என்றாள். அலுவலகத் தோழி வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள்; சொல்லவில்லை. போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தேன். உரிமையோடு கேட்க வேறு ஒரு பெயர் இல்லை.

வெளியே வந்து குடையை விரிக்கும்போது, குட்டி கம்பிக் கதவுக்குள் மூக்கை நுழைத்து வாலாட்டிக்கொண்டிருந்தது. விளையாட்டு இன்னும் முடியவில்லை என்று நினைத்திருக்கும்.

வெறுங்கையோடு திரும்பினேன். எங்கள் எதிர்வீட்டில் சின்னப் பலசரக்குக் கடை. நடத்துபவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். கணவர் வளைகுடாவில். பால் பாக்கெட்டும் சில்லறையும் தவிர எங்களுக்குள் பேச்சு கிடையாது. அன்று குடை நாடாவில் இருந்த பல் தடத்தைப் பார்த்து, "என்னக்கா, எலி கடிச்சிட்டா?" என்றாள். ஏனோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"இவ்வளவுதானா? நான் எடுத்துக்கிடுதேன். எம்பிள்ளையளும் நாய் நாய்ன்னு உயிரை வாங்குதுவ. இனி நீங்க எப்ப போவியன்னு பாத்துக்கிட்டே இருக்கும்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சீனி பொதிந்துகொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது. "ஆனா அக்கா, நீங்க உள்ள கிடந்தா எனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் திங்கட்கிழமை போகாவிட்டால் அலுவலகத்தில் விசாரிப்பார்கள். சனிக்கும் ஞாயிற்றுக்கும் யாரும் இல்லை. கடைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அவளே சொன்னாள்: "ராத்திரி வாசல் லைட்டு போடுவியள்லா? விடிஞ்சதும் நிறுத்திருங்க. எரிஞ்சிட்டே கிடந்தா நான் வந்து கதவைத் தட்டுதேன்."

பொறுப்பாளரிடமும் அவளே போனில் பேசினாள். நான் மறுபடியும் போய், மாலை பஸ்ஸில், மூடி போட்ட கூடைக்குள் குட்டியோடு வந்து சேர்ந்தேன்.

இதுவரை மூன்று குடைகளைக் கிழித்துவிட்டது. எனக்குப் பிறகு அதற்கு ஒரு ஆள் தேடப்போய்த்தான், என்னைத் தேட ஒரு ஆள் இல்லாமல் இத்தனை நாள் இருந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

குட்டி வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, எழுந்ததும் பால் காய்ச்சவில்லை, வாசல் தெளிக்கவில்லை. முதல் வேலையாக வாசல் விளக்கை நிறுத்தினேன். எதிரே பாதி தூக்கிய ஷட்டருக்குக் கீழே ஒரு முகம் குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போனது.