ஃப்ரீஸருக்குள் ஒரு ரூபாய்

மூன்றாம் முறையும் செல்கள் செத்துவிட்டன. தட்டின் அடியில் ஒட்டிப் படர்ந்திருக்க வேண்டியவை வெந்த ஜவ்வரிசி போல உருண்டு மிதந்தன. இன்னொரு முறை இப்படி ஆனால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று சார் இந்தியில் சொன்னார். நவி மும்பை ஐரோலியில் ஒரு லேபில் எனக்குக் கிடைத்த முதல் ஆராய்ச்சி வேலை அது.

என் கை மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகமெல்லாம் அந்த வளர்ச்சிப் புரதத்தின் மேல்தான். மனித ஜீனை பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரிக்கிறார்கள். குப்பியில் இருப்பது கண்ணுக்கே தெரியாத அளவுதான். அது இல்லாமல் என் செல்கள் பிழைக்காது. அதுவோ ஒருமுறை உருகி உறைந்தாலே கெட்டுவிடும். வராந்தாவில் நிற்கும் ஃப்ரீஸரின் பிளக்குக்குப் பக்கத்தில்தான் லேபில் எனக்குச் சீனியரான மாட்டுங்கா அக்காவின் காபி கெட்டிலும் இருந்தது. கடைசியாகக் கிளம்புபவரும் அவர்தான். கெட்டில் என்று நினைத்து ஃப்ரீஸரை அணைத்துவிட்டுப் போகிறாரோ?

வெள்ளிக்கிழமை சாரிடம் அப்படியே சொல்லிவிட்டேன். ஆதாரமும் வேண்டுமே. தாராவியில் எங்கள் மீன்கடையைப் பூட்டிவிட்டுக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும்போது அப்பா செய்வதையே செய்தேன். கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசு. கரண்ட் போனால் ஐஸ் உருகி, காசு அடிக்குப் போய்விடும்.

திங்கட்கிழமை எனக்கு முன்னாலேயே வந்து அக்கா கிண்ணத்தோடு நின்றார்.

"யாருடா இது, ஃப்ரீஸருக்குக் காணிக்கை போட்டது?"

காசு மேலேயே இருந்தது. எனக்கு ஏமாற்றம்தான்.

"கரண்ட் போகுதான்னு பார்த்தேங்க்கா. புரதம் கெட்டுப்போகுதுல்லா."

"கெட்டா போறது? நீ எப்படிக் கலக்கறே, காட்டு."

மடமடவென்று செய்து காட்டினேன். புரதம், உப்புக் கரைசல், டியூப், மூடி. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அல்புமின் எங்கடா?"

அல்புமின் என்ற இன்னொரு புரதத்தையும் சேர்க்கச் சொல்லிக் குப்பியோடு வந்த தாளில் இருந்தது. நான்தான் வேகத்தில் தாண்டிப் போயிருக்கிறேன். இவ்வளவு கொஞ்சமான புரதம் வெறும் கரைசலில் பிளாஸ்டிக் சுவரிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அல்புமின் கலந்திருந்தால் அது போய்ச் சுவரை அடைத்துக்கொண்டிருக்கும்.

"மூணு தடவையும் டியூபைத்தான் வளர்த்திருக்கே. செல்லுக்கு ஒண்ணும் போகலை."

நான் சிரித்து முடிப்பதற்குள் சார் எலெக்ட்ரீஷியனோடு வந்தார். கெட்டில் மாட்டும் பாயிண்ட்டைக் கழற்றச் சொன்னார். அக்கா ஏன் என்று கேட்டார். சார் என்னைப் பார்த்தார்.

"நான்தான் சொன்னேங்க்கா. நீங்க ஃப்ரீஸரை அணைச்சிட்டுப் போறீங்கன்னு."

அக்கா கெட்டிலின் ஒயரைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை செல்கள் தட்டில் ஒட்டிப் படர்ந்திருந்தன. வேலை என்னிடமே நின்றது. அடுத்த தட்டுக்குப் புரதம் எடுக்க ஃப்ரீஸரைத் திறந்தேன். அக்கா தன் குப்பிகளை வைக்கும் பெட்டியில் புதிதாக ஒரு சின்னப் பூட்டு தொங்கியது.